வி.ஏ. மருத்துவமனை சிகிச்சையே உடலைப் பாதித்தால்: 1151 கோரிக்கை, ஒரு எளிய அறிமுகம்

அமெரிக்கப் படையில் பணியாற்றியவருக்குப் பணிக்காலத்தில் காயமோ நோயோ வந்திருந்தால், அதற்கு மாதாமாதம் இழப்பீடு உண்டு என்பது பலருக்குத் தெரியும். ஆனால் படையை விட்டு வந்து இருபது வருஷம் கழித்து, முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனையில் செய்துகொண்ட ஆபரேஷனால் கால் விளங்காமல் போனால் என்ன செய்வது? அந்தப் பாதிப்புக்கும் படைப்பணிக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அதற்கும் இழப்பீடு கேட்க அமெரிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 38-ஆம் தலைப்பில் 1151-ஆம் பிரிவு அது. முன்னாள் படைவீரர்களும் அவர்களுக்கு உதவுபவர்களும் இதைச் சுருக்கமாக '1151 கிளெய்ம்' என்பார்கள். துறையைச் சொல்லும்போது 'வி.ஏ.' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. குடியுரிமை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ள அமெரிக்க ராணுவம் 2009-இல் தொடங்கிய மாவ்னி ஆள்சேர்ப்புத் திட்டத்தில், தேவைப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அதன் வழியாகவும் வேறு வழிகளிலும் படையில் சேர்ந்து திரும்பிய தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். ஊரிலிருந்து அவர்களுக்காகக் கவலைப்படும் அப்பா அம்மாவும் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு கதை. ஃபிரெட் கார்ட்னர் கொரியப் போர்க்காலத்தில் பணியாற்றியவர். 1986-இல் வி.ஏ. மருத்துவமனையில் அவருக்கு முதுகுத்தண்டு வட்டு விலகலுக்காக ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு இடது கெண்டைக்கால், கணுக்கால், பாதம் என்று வலியும் பலவீனமும் வந்துவிட்டதாகச் சொல்லி இழப்பீடு கேட்டார். மருத்துவமனையின் தவறு என்று நிரூபித்தால்தான் தருவோம் என்றது துறை. 1934-இலிருந்தே அதன் விதி அப்படித்தான் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத்தில் 'தவறு' என்ற நிபந்தனையே இல்லை, நீங்களாக விதியில் சேர்க்க முடியாது என்று 1994 டிசம்பரில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கார்ட்னர் ஜெயித்தார். ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, அந்த நிபந்தனையை உள்ளே கொண்டுவந்துவிட்டது. 1997 அக்டோபர் 1 முதல் தாக்கலாகும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் திருத்திய சட்டம்தான். கார்ட்னர் வழக்கை மட்டும் எங்கோ படித்துவிட்டு, 'பாதிப்பு வந்ததைக் காட்டினால் போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காலம் போய்விட்டது.

இன்றைய நிலையில் மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டும். சிகிச்சைக்கு முன் இல்லாத, அல்லது இந்த அளவுக்கு இல்லாத ஒரு பாதிப்பு இப்போது இருக்க வேண்டும். அது வி.ஏ. தந்த சிகிச்சை, ஆபரேஷன் அல்லது பரிசோதனையால் வந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, அதற்கு நேரடிக் காரணம் துறையின் தரப்பில் நடந்த அலட்சியம், திறமைக்குறைவு, தவறான முடிவு போன்ற ஒரு தவறாக இருக்க வேண்டும். அல்லது யாரும் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாத ஒரு நிகழ்வாக இருக்க வேண்டும். துறையின் தொழில் மறுவாழ்வுப் பயிற்சியில் நேர்ந்த காயங்களுக்கும் இதே பிரிவில் இடம் உண்டு. அங்கே தவறை நிரூபிக்கத் தேவையில்லை.

பல கோரிக்கைகள் மூன்றாவதில்தான் தோற்கின்றன. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒருவருக்கு வி.ஏ. மருத்துவமனையில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முந்தைய வாரக் குறிப்பில், பாதத்தை மேலே தூக்கும் தசையின் பலம் ஐந்துக்கு ஐந்து என்று எழுதியிருக்கிறது. மருத்துவர்கள் தசை பலத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பிடுவார்கள். ஐந்து என்றால் முழு பலம். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆன பிறகு, அதே தசைக்கு ஐந்துக்கு இரண்டு என்று எழுதியிருக்கிறது. நடக்கும்போது பாதம் தொங்குகிறது, விரல்கள் தரையில் இடறுகின்றன. முதல் விஷயம் இதோடு முடிந்தது. இரண்டு குறிப்புகளை அருகருகே வைத்தாலே கூடுதல் பாதிப்பு தெரிந்துவிடும். வி.ஏ. விதியும் இதைத்தான் கேட்கிறது: சிகிச்சை தொடங்குவதற்குச் சற்று முன் இருந்த நிலை, சிகிச்சை முடிந்த பின் உள்ள நிலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இழப்பீடும் அந்த வித்தியாசத்துக்கு மட்டும்தான். ஏற்கெனவே இருந்த மூட்டு வலிக்கு இதில் எதுவும் கிடைக்காது.

இரண்டாவது, காரணம். ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது என்பதாலேயே ஆபரேஷனால் வந்தது என்று ஆகிவிடாது. நோய் தானாக முற்றியிருக்கலாம். மருத்துவர் சொன்னதை நோயாளி கேட்காமல் விட்டதால் வந்திருக்கலாம். அப்படியானால் இழப்பீடு இல்லை. நம் உதாரணத்தில், முழங்காலின் வெளிப்பக்கமாக ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டதால் பாதம் தொங்குகிறது என்று நரம்புப் பரிசோதனை காட்டுகிறது. சரி, காரணமும் நிற்கிறது.

இனி மூன்றாவது. இந்த ஆபரேஷனில் அந்த நரம்பு பாதிக்கப்படலாம் என்பது எல்லா எலும்பு மருத்துவர்களுக்கும் தெரிந்த அபாயம். நோயாளி கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்திலும் 'நரம்புப் பாதிப்பு' என்று இருக்கிறது. அப்படியானால் 'எதிர்பாராத நிகழ்வு' என்ற வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். யாரும் கற்பனையே செய்திருக்க முடியாத ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. நியாயமான ஒரு மருத்துவர் அதை அந்தச் சிகிச்சையின் வழக்கமான அபாயமாகக் கருதியிருப்பாரா, நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய வகை அபாயமா என்று பார்க்கிறார்கள். அதனால்தான் சம்மதப் படிவம் இவ்வளவு முக்கியம்.

மிச்சமிருப்பது 'தவறு' என்ற வழி. சம்மதப் படிவத்தில் ஒரு அபாயம் எழுதியிருப்பதால், அந்த அபாயத்தை அலட்சியத்தால் வரவழைக்க யாருக்கும் உரிமை வந்துவிடாது. நிறைய பேர் இங்கேதான் மனம் தளர்ந்துபோகிறார்கள். 'நானே கையெழுத்துப் போட்டுவிட்டேனே' என்று கோரிக்கையே போடாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டாம். கேஸ் ஷீட்டில் நர்ஸ் எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். நம் உதாரணத்தில், ஆபரேஷன் அன்று இரவு பதினொரு மணிக்கு 'காலில் உணர்வே இல்லை, கட்டு இறுக்குகிறது என்கிறார்' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு மருத்துவரைக் கூப்பிட்டதாக எந்தப் பதிவும் இல்லை. மறுநாள் காலை ரவுண்ட்ஸில்தான் கட்டைத் தளர்த்தியிருக்கிறார்கள். இப்போது கேள்வியே மாறிவிடுகிறது. கவனமுள்ள ஒரு மருத்துவக் குழு அந்த இரவு என்ன செய்திருக்கும்? அந்தக் கேள்விக்கு, குறிப்புகளை முழுக்கப் படித்த ஒரு மருத்துவர் எழுத்தில் தரும் பதில்தான் இந்தக் கோரிக்கையின் உயிர்.

சம்மதம் பெறாமலே சிகிச்சை செய்திருந்தாலும், அபாயங்களைச் சொல்லாமல் சம்மதம் பெற்றிருந்தாலும் அதுவும் தவறு என்ற கணக்கில்தான் வரும். நோயைக் கண்டுபிடிக்கத் தவறியதும் அப்படியே. ஆர்கன்சா மாநிலம் ஃபயட்வில்லில் உள்ள வி.ஏ. மருத்துவமனையில் திசு மாதிரிகளைப் பரிசோதித்த நோயியல் மருத்துவர் ஒருவர், போதையில் வேலை பார்த்தது தெரியவந்து 2018-இல் நீக்கப்பட்டார். அவர் பார்த்த சுமார் 34,000 மாதிரிகளைத் துறை மறுபடி பரிசோதித்தபோது 3,000-க்கும் மேற்பட்ட பிழைகள் கிடைத்தன. 2021-இல் அவருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை. புற்றுநோய் இல்லை என்று அறிக்கை வாங்கிப் போனவருக்கு, நோய் முற்றிய பிறகு தெரிகிறது என்றால், மருத்துவமனை புற்றுநோயை உண்டாக்கவில்லைதான். ஆனால் சரியான நேரத்தில் கண்டிருந்தால் இவ்வளவு முற்றியிருக்காது என்று காட்ட முடிந்தால் 1151 பொருந்தும்.

எது 'சிகிச்சையால்' வந்தது என்பதிலும் நீதிமன்றங்கள் நுணுக்கமாகப் பார்க்கின்றன. பரிசோதனைக்காகக் காத்திருந்தவர் மீது இன்னொரு நோயாளியின் மோட்டார் சக்கர நாற்காலி மோதியது, இழப்பீடு இல்லை. பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போதே மேற்கூரையிலிருந்து உலோகக் கிராதி விழுந்து ஒருவருக்குக் காயம், அதற்கும் இல்லை. மருத்துவமனைக்குள் நடந்த விபத்து வேறு, சிகிச்சையால் வந்த பாதிப்பு வேறு என்றார்கள். ஆனால் வியேகாஸ் என்பவரின் வழக்கு வேறு மாதிரி முடிந்தது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வி.ஏ. மருத்துவர்கள் அவருக்கு நீர்ப்பயிற்சி பரிந்துரைத்திருந்தார்கள். 2004-இல் பயிற்சி முடித்து அங்கேயே கழிப்பறைக்குப் போனவர், சக்கர நாற்காலிக்கு ஏறுவதற்காகச் சுவரில் இருந்த கைப்பிடியைப் பிடித்தார். அது பெயர்ந்து வந்து அவர் கீழே விழுந்தார். அவரைப் போன்றவர்கள் சிகிச்சைக்கு வந்து போக அந்தக் கைப்பிடி தேவையான சாதனம், அதைச் சரியாகப் பராமரிக்காததும் சிகிச்சையின் குறையே என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் உங்கள் சம்பவத்தில் 'இது சிகிச்சையே இல்லை' என்று கடிதம் வந்தாலும் அதோடு நின்றுவிடாதீர்கள்.

வேறு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 1151 கோரிக்கையில் இறங்குவதற்கு முன், எந்த நோய்க்காகச் சிகிச்சை நடந்தது என்று பாருங்கள். அந்த நோய் ஏற்கெனவே படைப்பணியால் வந்ததாகத் துறை ஏற்றுக்கொண்ட ஒன்றா? அப்படியென்றால், அதற்கான சிகிச்சை உண்டாக்கிய பாதிப்பை 'இரண்டாம் நிலைப் பாதிப்பு' என்று கோரலாம். அங்கே யாருடைய தவறையும் நிரூபிக்கத் தேவையில்லை. பணியில் அடிபட்ட முழங்காலுக்கு வருஷக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டு வயிற்றில் புண் வந்தது என்றால், மாத்திரையால் புண் வந்தது என்று மருத்துவர் சொன்னால் போதும். நம் உதாரணத்தில் மூட்டு மாற்று ஆபரேஷனே பணிசார் முழங்கால் காயத்துக்காக என்றால், அந்த இரவு நர்ஸ் எழுதிய குறிப்பைத் தேடி அலையவே வேண்டியதில்லை.

கிடைப்பதிலும் வித்தியாசம் உண்டு. 1151-இல் ஜெயித்தால் அந்தப் பாதிப்பைப் பணிசார் பாதிப்பு 'போலக் கருதி' மாதத் தொகை தருகிறார்கள். தொகை விகிதம் ஒன்றுதான்: 2025-இல் பத்து சதவீதப் பாதிப்புக்கு மாதம் 175.51 டாலர், தனி நபருக்கு நூறு சதவீதம் என்றால் 3,831.30 டாலர், வரி கிடையாது. ஆனால் பணிசார் பாதிப்பு முழுமையானது, நிரந்தரமானது என்று ஆகும்போது மனைவி மக்களுக்குக் கிடைக்கும் கல்வி உதவியும் சேம்ப்வா மருத்துவக் காப்பீடும் 1151 வழியாக வருவதில்லை. குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு.

இன்னொரு நிலைமை: படையில் இருந்தபோதே ராணுவ மருத்துவமனையில் நடந்த தவறு. அதற்கு 1151 பொருந்தாது. பணிக்காலத்தில் வந்த பாதிப்பாகவே நேரடியாகக் கோர வேண்டும். 2019 டிசம்பரில் வந்த சட்டப்படி, அப்படிப்பட்ட மருத்துவத் தவறுக்காகப் பாதுகாப்புத் துறையிடம் தனியாக நஷ்டஈடும் கேட்கலாம்.

நஷ்டஈட்டு வழக்கும் 1151-உம்

1946-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தீங்கியல் கோரிக்கைச் சட்டப்படி, மருத்துவத் தவறுக்காக அமெரிக்க அரசிடமே மொத்தமாக நஷ்டஈடு கேட்கலாம். முதலில் எஸ்.எஃப். 95 என்ற படிவத்தில், இவ்வளவு தொகை என்று குறிப்பிட்டு, துறையிடம் தர வேண்டும். பாதிப்பும் அதன் காரணமும் தெரியவந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தந்தாக வேண்டும். துறை மறுத்துக் கடிதம் அனுப்பினால், அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் போக வேண்டும். 1151-க்கு இப்படிக் கடைசித் தேதியே கிடையாது. அதனாலேயே ஒரு ஆபத்து வருகிறது. '1151 முடிவு வரட்டும், அப்புறம் வழக்கைப் பார்க்கலாம்' என்று காத்திருந்து இரண்டு ஆண்டைக் கோட்டை விட்டுவிடுவார்கள். இரண்டும் தனித்தனிப் பாதைகள், ஒன்றாகவே நடத்தலாம்.

பிரையன் டாலி என்ற மரைன் படைவீரருக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 2016-இல் கடும் முதுகுவலியோடு வி.ஏ. மருத்துவமனைக்குப் போனவருக்குச் சுளுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். உண்மையில் அவர் முதுகெலும்பைக் கிருமித்தொற்று அரித்துக்கொண்டிருந்தது. அவர் நஷ்டஈடு கேட்டபோது, பார்த்த மருத்துவர் அரசு ஊழியர் இல்லை, ஒப்பந்தத்தில் வந்தவர் என்று துறை சொன்னது. அதைச் சொல்வதற்குள் மாநிலச் சட்டப்படி அந்த மருத்துவர் மீது வழக்குப் போடும் கெடு முடிந்துவிட்டது. அவர் விடாமல் போராடியதால் 2021 ஜனவரியில் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. கோரிக்கை வந்ததும் சம்பந்தப்பட்டவர் ஊழியரா ஒப்பந்தக்காரரா என்பதைத் துறை இப்போது தெரிவித்தாக வேண்டும். 1151-இல் இந்தச் சிக்கல் குறைவு. சிகிச்சை துறையின் சொந்தக் கட்டடத்தில் நடந்திருந்தால், மருத்துவர் ஒப்பந்தக்காரராக இருந்தாலும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் துறையே செலவை ஏற்று வெளித் தனியார் மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே தவறு நடந்திருந்தால் 1151 பொதுவாக உதவாது.

இரண்டிலும் ஜெயித்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். நஷ்டஈடாக வாங்கிய தொகை ஈடாகும் வரை 1151 மாதத் தொகையைப் பிடித்து வைப்பார்கள். வக்கீலுக்குக் கொடுத்த பங்கும் நீங்கள் வாங்கிய தொகையாகவே கணக்கில் வரும். சமரசத் தொகைக்குச் சம்மதிக்கும் முன், எத்தனை வருஷம் மாதப் பணம் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

தாக்கல் செய்வது

உடனே செய்ய வேண்டியது, கோரிக்கை போடும் எண்ணத்தைத் தெரிவிக்கும் 21-0966 படிவம். சின்னப் படிவம்தான், ஆனால் அன்றைய தேதியை உங்களுக்காகப் பிடித்து வைக்கும். முழுக் கோரிக்கையைச் சேர்த்துத் தர ஒரு வருஷம் கிடைக்கும். தேதி ஏன் முக்கியம் என்றால், பாதிப்பு நேர்ந்து ஒரு வருஷத்துக்குள் கோரிக்கை போய்ச் சேர்ந்தால், பாதிப்பு நேர்ந்த நாளையே தொடக்கமாகக் கொள்வார்கள். அதற்குப் பிறகு என்றால் கோரிக்கை கிடைத்த நாள்தான் தொடக்கம்.

முழுக் கோரிக்கைக்கு 21-526 இ.இசட். படிவம். அதில் நோயின் பெயரை மட்டும் எழுதினால் வழக்கமான பணிசார் கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, 'பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை' என்று திருப்பிவிடலாம். '1151-ஆம் பிரிவின் கீழ் கோருகிறேன்' என்று தெளிவாக எழுதுங்கள். எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, என்ன சிகிச்சை, அதற்கு முன் எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி, துறை எதைச் செய்யத் தவறியது என்று அரைப் பக்கம் எழுதி இணைத்தால் நல்லது. படைவீரர் இறந்துபோயிருந்தால், குடும்பத்தினர் 21பி-534 இ.இசட். படிவத்தில் கோரலாம்.

பதிவுகளைத் துறையே தேடி எடுக்கும், அது சட்டப்படி அதன் கடமை. ஆனாலும் நீங்கள் தனியாக ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 10-5345ஏ படிவத்தில் உங்கள் பதிவுகளை நீங்களே கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்பட வேண்டாம். ஆபரேஷன் அறிக்கை, மயக்க மருந்துப் பதிவு, நர்ஸ் குறிப்புகள், சம்மதப் படிவம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெரிய தவறு நடந்தால் மருத்துவமனையே நோயாளியையோ குடும்பத்தையோ கூப்பிட்டு முறைப்படி சொல்ல வேண்டும் என்பது துறையின் விதி. அப்படி ஒரு சந்திப்பு நடந்திருந்தால் அதன் குறிப்பும் பதிவில் இருக்கும், அதை விடவே கூடாது. மருத்துவமனை தனக்குள் நடத்தும் தர ஆய்வு ஆவணங்கள் மட்டும் சட்டப்படி ரகசியம், கேட்டாலும் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

மருத்துவர் கருத்து வாங்கும்போது, 'இருக்கலாம்', 'வாய்ப்பு உண்டு' என்று மொட்டையாக எழுதி வாங்காதீர்கள். இந்தத் தவறால் இந்தப் பாதிப்பு வந்திருக்க ஐம்பது சதவீதமாவது சாத்தியம் என்று அவர் சொல்ல வேண்டும், ஏன் என்பதையும் குறிப்புகளைக் காட்டி எழுத வேண்டும். ஆதாரம் இரு பக்கமும் சமமாக நின்றால் முடிவு படைவீரருக்குச் சாதகமாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சாதாரண வழக்குகளில் இந்தச் சலுகை கிடையாது.

துணைக்கு ஆள் வேண்டும் என்றால் டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் துறையின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகச் செய்து தருகிறார்கள். முதல் கோரிக்கையைத் தயார் செய்ய யாரும் பணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். முன்பணம் கேட்பவரை விட்டு விலகுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் எந்த இடத்தில் விழுந்தது என்று பாருங்கள். பாதிப்பே இல்லை என்கிறார்களா, காரணம் இல்லை என்கிறார்களா, தவறு இல்லை என்கிறார்களா? தவறு இல்லை என்று துறை மருத்துவர் சொன்னதை நம்பி மறுத்திருந்தால், உங்கள் பக்க மருத்துவரின் விரிவான கருத்தோடு துணைக் கோரிக்கை போடலாம். ஆதாரம் எல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருந்தும் சரியாகப் படிக்கவில்லை என்றால், மூத்த அதிகாரியின் மறு ஆய்வைக் கேட்கலாம். நீதிபதி முன் நேரில் பேச வேண்டும் என்றால் மேல்முறையீட்டு வாரியம். மூன்றில் எதை எடுத்தாலும், பழைய தேதியைக் காப்பாற்ற முடிவுக் கடிதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் எடுக்க வேண்டும். வாரியமும் மறுத்தால் படைவீரர் கோரிக்கைகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே போக 120 நாள்தான் அவகாசம். அந்தக் கட்டத்தில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்வது நல்லது.